மனைவி புலம்பல், பக்கம் பதினொன்று

பார்க்கிங், லண்டன்
11.03.2009

புவனேந்திரன் அண்ணைக்கு,

சுகம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. போன் எடுக்காதேங்கோ, எடுத்தாலும் கதைக்கமாட்டேன். கடையில் ஆட்கள் நிற்கும்போது உங்கள் பெயர் போனில் விழுந்தால் மிச்சக் காசைப் பிழையாக எண்ணிக் கொடுக்கிறேன். அதனால்தான் கடிதம்.

இவருடைய முப்பத்தொன்றாம் நாளுக்கு, போன வியாழக்கிழமை, சாப்பிட வந்த அத்தனை பேருக்கும் நினைவுக் கல்வெட்டுக் கொடுத்தோம். இருநூறு புத்தகம். முன்னுக்குத் தேவாரம், பிறகு இவருடைய வாழ்க்கை வரலாறு, பிறகு புலம்பல்கள். எல்லாம் நீங்கள் எழுதித் தந்தவை. லண்டனில் யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் சனம் உங்களிடம்தான் வரும். மனைவி புலம்புவதும் மக்கள் புலம்புவதும் சகோதரர் புலம்புவதும் உங்கள் பேனாவால்தான். அதில் எனக்குக் குறை இல்லை. சின்ன வயதிலிருந்து கூடித் திரிந்த சினேகிதனுக்கு நீங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று இவருடைய தமையன் பாலேந்திரா அண்ணையிடம் சொன்னதே நான்தான்.

அன்று நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. அருமைநாயகி மாமி திறந்தா. பக்கம் பதினொன்றை வாசித்துவிட்டு, சோற்றுக் கையோடு என்னைப் பார்த்துக் கேட்டா: "பிள்ளை, நீர் பேர்லினுக்கு வந்தது தொண்ணூற்றிரண்டிலை எல்லே? இவர் குளிருக்கை கஷ்டப்பட்ட நேரம் நீர் ஊரிலை பள்ளிக்கூடம் போய்க்கொண்டெல்லோ இருந்தனீர்?"

பந்தியில் இருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். இதைத்தான் வாசித்திருந்தா:

ஒற்றைப் போர்வைக்குள் ஒடுங்கிய பேர்லினில்
முற்றும் குளிர்மறக்க மூச்சால் எனைக்காத்தீர்
தோளின் தழும்பைத் தொட்டறிந்த கைக்குஇனி
நாளும் இரவும் நடுக்கமே துணையாமோ

மேலே 'மனைவி புலம்பல்' என்று தலைப்பு. கீழே 'ரஜனி' என்று என் பெயர்.

எனக்கும் இவருக்கும் ஒற்றைப் போர்வைக் காலம் ஒன்று இருந்ததே இல்லை. நான் வந்து இறங்கியபோது ஹீட்டர் வைத்த இரண்டு அறை வீடு இருந்தது. ஆளுக்கொரு போர்வை இருந்தது. அந்தத் தழும்பை நான் தொட்டதில்லை. கலியாணம் கட்டிய புதிதில் ஒருநாள் தெரியாமல் கை பட, "நோகுது, விடும்" என்று பெனியனை இழுத்து மூடிவிட்டார். அதன்பிறகு நான் தொட நினைத்ததும் இல்லை. பதினேழு வருசமாக அது ஆறாத நோவு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது யாருடைய கை என்று எனக்குச் சொல்லுங்கோ.

ரஜனி

*

டூட்டிங்
15.03.2009

அன்புள்ள ரஜனிக்கு,

உம்முடைய கடிதம் நேற்றுக் கிடைத்தது. முதலில் மன்னிப்பு. அச்சகத்துக்காரர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வரைதான் தவணை தந்திருந்தார். நான் வேலை செய்யும் கல்லூரி நூலகத்தில், புத்தக வண்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டு எழுதினேன். எந்தக் கல்வெட்டு எழுதினாலும் அந்த வீட்டு அம்மாவுக்கு ஒருதரம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பது என் வழக்கம். உமக்கு மட்டும் காட்டவில்லை. அது என் பிழை.

ஆனால் நீர் நினைப்பதுபோல் அதில் ஒன்றும் இல்லை. அது மரபு. கனக்க எழுதியவனுக்குக் கை தன்பாட்டில் போகும். போர்வை, தழும்பு எல்லாம் புலம்பலுக்கு வேண்டிய சாமான்கள். ஆண்மகன் என்றால் ஒரு தழும்பு இருக்க வேண்டும், அதை ஒருத்தி தொட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏழு வருடமாக வேலை முடிந்த நேரங்களில் நான் படிப்பதும் இதைத்தான். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன் வேல்ஸ் நாட்டில் சிற்றரசர்களைப் பாடிய புலவர்கள், காதலிக்குச் சொல்லும் சொற்களையே அரசனுக்கும் சொன்னார்கள். போரில் அவன் எத்தனை பேரை வீழ்த்தினான் என்று பாடிய அதே வாயால், அவனே என் அன்பு, அவனைக் காணாமல் எனக்கு உறக்கம் இல்லை என்றும் பாடினார்கள். அவன் செத்தபோது அடுப்பு அணைந்த வீட்டைப் பார்த்துப் புலம்பினார்கள். பாடியவரும் ஆண், பாடப்பட்டவரும் ஆண், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இடுப்பில் வாள் கட்டிய ஆண்கள். அதில் ஒருவருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அரண்மனைப் புலவனுக்கு அரசன் கம்பளித் துணி தரவேண்டும், அரசி லினன் துணி தரவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. அரசிக்கும் அது தெரிந்திருந்தது.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அந்த ஆண்களின் நெஞ்சுக்குள் என்ன கிடந்தது என்று எவரும் முடிவு கட்டக்கூடாது, எல்லாம் சபை வழக்கம் என்பதுதான் என் ஆய்வின் முடிவு. மே மாதம் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. அந்த அத்தியாயத்தை இதோடு வைத்திருக்கிறேன். மகள் தக்ஷிகாவைக் கொண்டு வாசிப்பித்துப் பாரும்.

இன்னொன்று. நாட்டு நிலைமை சரிவந்தால் ஊரில் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோவதற்காகச் சாம்பலைக் கரைக்காமல் வைத்திருப்பதாகப் பாலேந்திரா சொன்னார். எங்கே கரைத்தாலும் என்னையும் ஒரு கரையில் நிற்க விடும். வேறு எதுவும் நான் உம்மிடம் கேட்கவில்லை.

புவனேந்திரன்

*

பார்க்கிங்
02.04.2009

புவனேந்திரன் அண்ணைக்கு,

உங்கள் வேல்ஸ்காரர் பதினெட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். தக்ஷிகா மூன்று பின்னேரம் கடைக் கவுண்டரில் இருந்து வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டு நான் அரசனையும் புலவனையும் கேட்டேன். முடித்துவிட்டுப் பிள்ளை கேட்டது இதுதான்: "அம்மா, இவை லவ் பண்ணியிருக்கினம். அவ்வளவுதானே? ஏன் மாமா இல்லை இல்லை எண்டு இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறார்?"

பதினாறு வயதுப் பிள்ளை. அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு விடாததற்கு இத்தனை வருசம் கவலைப்பட்டவள் நான், இந்த ஒரு மாதமாக அதற்காகக் கடவுளைக் கும்பிடுகிறேன்.

மரபு என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, நானும் ஆராய்ச்சி செய்தேன். எங்கள் வீட்டு அலுமாரியில் நீங்கள் எழுதிய கல்வெட்டு ஆறு கிடக்கிறது. ஆறையும் எடுத்து வைத்து மனைவி புலம்பல் மட்டும் வாசித்தேன். ஆறிலும் குலவிளக்கு அணைகிறது, ஆறிலும் குங்குமம் அழிகிறது. நாகேஸ்வரி அக்காவின் மனுசனுக்குப் போட்ட நாலு வரி அப்படியே ஒரு வருசம் கழித்து இன்னொருவருக்கு வந்திருக்கிறது. ஒருவருக்கும் தழும்பு இல்லை. ஒருவருக்கும் மூச்சு இல்லை. அதே எங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், 'நண்பர் புலம்பல்' என்று உங்கள் பெயரில் போட்டிருப்பது என்ன தெரியுமா? 'பண்பின் சிகரமே, பாசமிகு நண்பரே'. நாற்பது வருசச் சினேகிதனுக்கு உங்களுக்கு வந்தது அவ்வளவுதானா? மிச்சமெல்லாம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பக்கம் பதினொன்றுக்குப் போனது.

லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன். பிரசாதம் வாங்கும் வரிசையில் என் முதுகுக்குப் பின்னால் போர்வைக் கதை நடக்கிறது. பாலேந்திரா அண்ணை சொல்லிவிட்டார், "அந்தாள் சாம்பலுக்குக் கிட்ட வரக்கூடாது" என்று. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் மறுமொழி சொல்லவில்லை. அது சொல்லாதவரை என்னிடம் எதையும் கேளாதேங்கோ. வேல்ஸ்காரரையும் அனுப்பாதேங்கோ.

ரஜனி

*

டூட்டிங்
20.04.2009

ரஜனிக்கு,

இன்று பாராளுமன்றத்துக்கு முன்னால், வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி இருந்த சனத்துக்குள் உம்மைக் கண்டேன். நீரும் கண்டீர். கண்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பினீர். அது சரிதான்.

ஐம்பது அறுபது வயது ஆண்கள் ரோட்டில் இருந்து வாய்விட்டு அழுதார்கள். நம்முடைய ஆண்கள் இப்படி அழுது நான் கண்டதில்லை. தாய் செத்தாலும் துவாயால் முகத்தை மூடிக்கொள்ளும் மனிதர்கள். இன்று ஒருவரும் மூடவில்லை. நானும் அழுதேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணை, உங்கட ஆக்கள் ஆர் உள்ளுக்கை?"

வன்னிக்குள் எனக்கு ஒருவரும் இல்லை, ரஜனி. நான் சற்குணத்துக்காக அழுதுகொண்டிருந்தேன். அங்கே ஆயிரக்கணக்கில் சனம் செத்துக்கொண்டிருக்க, பார்க்கிங்கில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கும்போது நெஞ்சு அடைத்துச் செத்த ஒருவனுக்காக. அந்தக் கூட்டத்தில்தான் எனக்கு அழ இடம் கிடைத்தது. "தமையன்" என்று அந்த மனிதரிடம் பொய் சொன்னேன். அவர் தன் தண்ணீர்ப் போத்தலை எனக்குத் தந்தார். அவருடைய மூன்று பிள்ளைகள் உள்ளே.

அந்தத் தண்ணீரைக் குடித்த என்னைப்போல் கேடுகெட்டவன் இருக்கமாட்டான்.

இந்தக் கடிதத்தில் உம்முடைய கேள்விக்கு மறுமொழி எழுதத்தான் இருந்தேன். நாலு தாள் கிழித்தாயிற்று.

புவனேந்திரன்

*

டூட்டிங்
24.05.2009

ரஜனிக்கு,

போன கிழமையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். கடைகளில் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. இனி யாரும் கீரிமலை என்று சொல்லப்போவதில்லை, இங்கேயே கரைத்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் இனியும் பிந்தாமல் எழுதுகிறேன்.

என் வாய்மொழித் தேர்வு பதினாலாம் திகதி நடந்தது. ஒரு வேல்ஸ்கார அம்மா கேள்வி கேட்டா. சபை வழக்கம்தான் என்றால், ஒரு பாட்டில் இருக்கும் அரசன் ஏன் இன்னொரு பாட்டில் இருக்கும் அரசனைப்போல் இல்லை, ஒருவனுக்கு ஏன் அவனுக்கே உரிய காயம், அவனுக்கே உரிய சிரிப்பு என்று கேட்டா. ரஜனி, நீர் ஆறு கல்வெட்டை வைத்துக்கொண்டு கேட்ட அதே கேள்வி. ஏழு வருடமாக அதற்கு நான் மறுமொழி வைத்திருந்தேன். அன்று அது வாயில் வரவில்லை. "அவன் மீது அந்தப் புலவனுக்கு ஆசை இருந்தது" என்று மட்டும் சொன்னேன். அப்படியென்றால் உங்கள் ஆய்வு முழுவதும் பிழை அல்லவா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். திருத்தி எழுத ஒரு வருடம் தந்திருக்கிறார்கள். எழுதுவேனோ தெரியாது.

இனி உமக்கு மறுமொழி.

அது என் கை.

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழி. பேர்லின் அகதி விடுதியில் ஓர் அறைக்குள் எட்டுப் பேர். ஹீட்டர் வேலை செய்யாது. எனக்கு இருமல் பிடித்து நெஞ்சு விட்டுவிடும்போல் இருந்தது. சற்குணம் தன் போர்வையை என் போர்வைக்கு மேல் போட்டுவிட்டு, போர்வை இல்லாதவன் எங்கே படுப்பது என்று சிரித்துக்கொண்டு உள்ளே வந்து படுத்தான். என் நெஞ்சில் சித்தாலேபைத் தைலம் பூசிவிட்டு, மூச்சு வருகிறதா என்று பார்க்கக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டான். மாசி முடியும்வரை அப்படித்தான் படுத்தோம். தேவாலயத்தில் குளிர் உடுப்புக் கொடுத்தபோது அவனுக்கு ஒரு கம்பளிக் கோட் கிடைத்தது. அதையும் எனக்குத் தந்தான். இன்றும் என்னிடம் இருக்கிறது.

அந்த மாசியில் ஸ்டேசன் வாசலில், வெளிநாட்டாரை அடிப்பதற்கென்றே திரியும் நாலு மொட்டைத் தலைக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் நாலு பேரையும் அடித்தான். உடைந்த போத்தலால் அவன் தோளில் கீறினார்கள். ஆசுபத்திரிக்குப் போனால் விசா இல்லாத கதை வெளியே வரும் என்று பயந்து போகவில்லை. பதினைந்து நாள் நான்தான் சுடுதண்ணீரால் கழுவிக் கட்டினேன். வெளியே சிங்கம்போல் திரிபவன், கட்டு அவிழ்க்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். அந்தச் சற்குணத்தை நான் மட்டும்தான் கண்டேன் என்று ஒரு பெருமை எனக்கு இருந்தது. அந்தப் பெருமைதான் உம்முடைய பக்கத்தில் வந்து விழுந்துவிட்டது.

வேறு ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததில்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்று இனி நான் சொல்லமாட்டேன். அவன் மீது எனக்கு ஆசை இருந்தது. உம்மைக் கலியாணம் பேசி வந்தபோது அவன் என்னிடம் வந்து, "மச்சான், நான் என்ன செய்ய?" என்று கேட்டான். "கட்டடா. நல்ல பிள்ளையெண்டு கேள்வி" என்று சொன்னேன். விறாந்தையில் நின்று உம்முடைய படத்தைக் கடித உறைக்குள் திரும்ப வைத்தான். "நீ சொன்னாச் சரி" என்று போய்விட்டான். உங்கள் கலியாண வாழ்த்துப்பாவை எழுதியதும் நான்தான்.

ரஜனி, அவன் சாவுக்கு எனக்குத் துடக்கு, தீட்டு ஒன்றும் இல்லை. முப்பத்தொன்று இல்லை. வேலைக்கு ஒரு நாள் லீவு கேட்கக்கூட உறவு இல்லை. புலம்புவதற்கு ஒரு தலைப்புத் தேவைப்பட்டது. உம்முடைய தலைப்புத்தான் அளவாக இருந்தது. களவு என்று தெரிந்துதான் செய்தேன். அதனால்தான் உமக்கு வாசித்துக் காட்டவில்லை.

சாம்பல் கரைக்கும்போது தூரத்தில் என்றாலும் நிற்க விடும். உம்முடைய காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

புவனேந்திரன்

*

பார்க்கிங்
19.06.2009

புவனேந்திரன் அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நாலு கிழமை ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன்.

ஆக, என்னை இவருக்குக் கட்டித் தந்தது நீங்கள். கொடிகாமத்தில் என்னுடைய படத்தை என் அம்மா தபாலில் போட, பேர்லினில் நீங்கள் இரண்டு பேரும் விறாந்தையில் நின்று என் வாழ்க்கையைத் தீர்த்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு சொல் கேட்டீர்களா? நீங்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் இவருக்கு ஜெர்மனி கசந்துபோனது. நல்ல வேலை, நல்ல வீடு, பிள்ளை கின்டர்கார்டனில். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து மரக்கறிப் பெட்டி தூக்கினார். தமிழ்ச் சனம் இருக்கிற இடம் வேண்டும் என்றார். நான் நம்பினேன்.

இன்னொன்றும் இப்போதுதான் விளங்குகிறது. 2004இல் உங்களுக்கு நியூமோனியா வந்து ஆசுபத்திரியில் கிடந்தீர்களே, அப்போது இவர் மூன்று நாள் கடை திறக்கவில்லை. கடைக்குள் லைற் போடாமல், வெங்காய மூட்டையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனால் அங்கேயே ஆறிக் கிடக்கும். எனக்குத் தக்ஷிகா பிறந்தபோது வேலைக்கு அரை நாள் லீவு போட்டவர். அரை நாள். அதையும் நான் பெரிதாக நினைத்து ஊருக்கு எழுதினேன்.

இவர் கெட்ட மனிதர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை, விடிய நாலு மணிக்குச் சந்தைக்குப் போகும்போது என்னை எழுப்பாமல் போவார். அன்பு இருந்தது. ஆனால் வாய் இருக்கவில்லை. நான் காய்ச்சலாய்க் கிடந்தால் பனடோலைக் கட்டில் கரையில் வைத்துவிட்டுப் போவார். நெஞ்சில் கை வைத்து மூச்சுப் பார்க்கும் மனிதரை நான் காணவில்லை.

ஒரு கதை சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. கடை பூட்டியபிறகு ஒவ்வொரு நாளும் நான் பக்கம் பதினொன்றை வாசிக்கிறேன். உங்கள் மேல் கோபத்தில் கிழிக்கத்தான் எடுப்பேன். வாசித்து முடிக்க அழுகை வந்துவிடும். இவர் செத்த அன்று வராத அழுகை. பிறகு அதற்கும் கோபம் வரும். அந்தப் பக்கத்தில் இருக்கிறவரைத்தான் நான் கட்டியிருக்க விரும்பினேன். அவர் இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. ஒரு மனிதருக்கு இருக்கிற எல்லாவற்றையும் நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டு, மிச்சத்தை எனக்குக் கட்டித் தந்தீர்கள். இப்போது புலம்பலையும் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு என்ன வைத்தீர்கள்?

அடுத்த மாதம் ஆடி அமாவாசைக்கு முதல் வரும் ஞாயிற்றுக்கிழமை, பத்தொன்பதாம் திகதி, சவுத்எண்ட் கடலில் கரைக்கிறோம். பாலேந்திரா அண்ணை படகு பேசிவிட்டார். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன். கூப்பிடவில்லை.

ரஜனி

*

டூட்டிங்
26.06.2009

ரஜனிக்கு,

2004இல் ஆசுபத்திரிக்கு அவன் என்னைப் பார்க்க வரவில்லை. சுகமாகி வெளியே வந்தபிறகுதான் கண்டேன். ஏனடா வரவில்லை என்று கேட்டதற்கு, "கடைக்குப் பெயின்ற் அடிச்சனான், நேரம் கிடைக்கேல்லை" என்றான். ஐந்து வருடமாக அதை நான் மனதில் வைத்திருந்தேன். அவன் சாகிறவரை. நல்லாய்க் கதைத்துக்கொண்டிருக்கும்போதுகூட, இவன் எனக்காக ஒரு நாள் கடை பூட்டாதவன் என்ற நினைப்பு ஒரு பக்கம் கிடக்கும்.

வெங்காய மூட்டையில் இருந்தானா? லைற் போடாமலா?

இதை எனக்குச் சொல்ல வேண்டிய கடமை உமக்கு இல்லை. சொன்னீர். உம்முடைய வாயால் இதைக் கேட்டபிறகு உம்முடைய முகத்துக்கு முன்னால் வந்து நிற்க எனக்குத் துணிவு இல்லை. நீர் சொன்னது சரி. உமக்கு நான் ஒன்றும் வைக்கவில்லை. சாம்பலாவது முழுவதும் உம்முடையதாக இருக்கட்டும். நான் வரமாட்டேன். சவுத்எண்டுக்கும் வரமாட்டேன், தூரத்திலும் நிற்கமாட்டேன். பயப்படாமல் போய்வாரும்.

இதோடு வரும் பார்சலில் அந்தக் கம்பளிக் கோட் இருக்கிறது. அவனுடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். உட்பையில் பேர்லின் ரயில் டிக்கெட் ஒன்று கிடக்கிறது, எடுக்கவில்லை. வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. நான் வைத்திருந்தால் என்ன செய்துகொள்வேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. இந்த வெயிலில் ஒரு மாதமாக அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள் இருந்தேன்.

கல்வெட்டு இனி யாருக்கும் எழுதமாட்டேன்.

புவனேந்திரன்

*

பார்க்கிங்
09.07.2009

புவனேந்திரன் அண்ணைக்கு,

பார்சல் கிடைத்தது. கடைக்குள் வைத்து உடைத்தேன். வாங்க வந்த ஒருவர் கம்பளிக் கோட் என்ன விலை என்று கேட்டார். விற்பதற்கில்லை என்றேன்.

போட்டுப் பார்த்தேன். கை நீளம். பூச்சி அரித்த இடத்தை நீங்கள் நூலால் பின்னியிருக்கிறீர்கள், ஒழுங்காகப் பின்னவில்லை. இருபத்திரண்டு வருசம் ஒரு கோட்டை இப்படி வைத்திருக்கிற மனிதர் அறைக்குள் தனிய இருந்து என்ன செய்துகொள்வேனோ என்று எழுதினால், நான் கடையில் நின்று எப்படித் தராசைப் பிடிப்பது? பாலேந்திரா அண்ணையிடம் போனேன். கடிதங்களைக் காட்டவில்லை. அவை என்னுடையவை. சாம்பல் கரைக்க நீங்களும் வருவீர்கள் என்று மட்டும் சொன்னேன். கத்தினார். சனம் என்ன சொல்லும் என்றார். சனம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டது, இனிச் சொல்ல அவைக்கும் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். என்ன உறவு முறையில் வருகிறான் என்று கேட்டார். "என்ரை புலம்பலை எழுதினவர்" என்று சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதேங்கோ. மன்னிக்கவில்லை. இன்றைக்கும் சில நேரம் உங்கள் எழுத்தைக் கண்டால் அடுப்பில் வைக்கத் தோன்றுகிறது. ஆனால் இவர் செத்ததிலிருந்து என்னோடு கதைக்கிற சனம் எல்லாம் நல்ல மனுசன், நல்ல மனுசன் என்றுதான் கதைக்கிறார்கள். இவரைக் காணாமல் நடுங்கிக்கொண்டிருக்கிற இன்னொருவர் லண்டனில் உங்களைத் தவிர எனக்கு இல்லை. படகில் நான் தனிய இருக்கமாட்டேன்.

கோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அது இவர் உங்களுக்குத் தந்தது, நான் வாங்க ஏலாது. டிக்கெட்டை உட்பையிலேயே வைத்திருக்கிறேன். அதோடு ஒரு வேட்டி இருக்கிறது. அரசன் கம்பளி தரவேண்டும், அரசி லினன் தரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். லினனுக்கு நான் எங்கே போவேன், இது பருத்தி. டூட்டிங்கில் வாங்கியதுதான், உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வந்துபோனேன், மணி அடிக்கவில்லை. ஒருதரம் தோய்த்து மடித்திருக்கிறேன்.

அதைக் கட்டிக்கொண்டு வாருங்கோ. பத்தொன்பதாம் திகதி, பார்க்கிங் ஸ்டேசன், காலை எட்டு மணி. கடற்காற்று குளிரும், கோட்டையும் போடுங்கோ.

ரஜனி